பானைக்குள் ஆள்

மூடியை இறுக்கி நீராவியைத் திறந்துவிட்டு வாசு ஏணியில் பாதி இறங்கியிருந்தான். அப்போது பானைக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. அவசரமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் சீனி கேட்டு வந்து கதவைத் தட்டிவிட்டு நிற்பதுபோல், தட்டு முடிந்ததும் ஓர் அமைதி. கீழே குழாயடியில் போத்தலோடு குந்தியிருந்த புஷ்பவல்லி தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள். அவனும் ஏணியில் நின்றபடியே அவளைப் பார்த்தான்.

"இரும்பு சூடேறுது," என்றான் வாசு. "சூடேறுனா அப்படித்தான் கத்தும்லா."

இரும்பு சூடேறும் சத்தம் அவளுக்குத் தெரியாதா? அது ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடக்குப் போடும். இப்படி எண்ணி எண்ணித் தட்டாது. ஆனால் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆட்களை மேய்க்கும் மண்டோர் சபாபதி மீட்டர் பலகைக்கு முன்னால் நிற்கிறார். வாசு ஏணியில். காவல்கார ஜாகா கேட்டில். கொதிகலன்காரன் பின்கட்டில் இருமிக்கொண்டிருப்பது இங்கே கேட்கிறது. எல்லோரும் வெளியே இருக்கிறார்கள். உள்ளே இருப்பது வெறுங்குலையும் ஆசிட் தண்ணீரும் நீராவியும்தான். அதில் ஓர் ஈகூட உயிரோடிருக்க முடியாது. அவள் போத்தலைக் குழாயில் பிடித்தாள். பாதி வெளியே சிந்தியது.

ஆலையின் பலகையில் அதற்கு டைஜஸ்டர் என்று பெயர். ஆட்களுக்கு அது பானை. இரண்டு மாடி உயரம், பத்துப் பேர் உள்ளே நிற்கலாம். பண்டமாரானுக்குப் பின்னால் துறைமுகச் சாலையை ஒட்டியிருந்த அந்த ஆலையில் எல்லாமே அந்தப் பானையைச் சுற்றித்தான் நடந்தது. எண்ணெய் ஆலைகள் பழத்தை உதிர்த்துவிட்டுத் தூக்கி எறியும் செம்பனை வெறுங்குலைகள் லோரி லோரியாக வந்து இறங்கும். அவற்றை நறுக்கிப் பானையில் கொட்டி, ஆசிட் தண்ணீரில் வேகவைத்தால், ஆவியோடு ஒருவித எண்ணெய் வரும். பாதாம் வாசனை அடிக்கும். அடியில் சர்க்கரைத் தண்ணீர் வடியும். அதைப் புளிக்கவைத்தால் ஸ்பிரிட். கடைசியில் மிஞ்சுவது ஈரமான பழுப்பு நார். அதையும் விட மாட்டார்கள். காயவைத்துக் கொதிகலனில் எரித்து அடுத்த வேக்காட்டுக்கு நீராவி எடுப்பார்கள்.

இஞ்சினியர் விநாயகமூர்த்தி பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் வருவார். பார்வையாளர்கள் வந்துவிட்டால் போதும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் மாதிரி பூரித்துப்போவார். "பெட்ரோலில இருந்து என்னென்ன செய்யினமோ, அவ்வளவும் இந்தக் குப்பையில இருந்து செய்யலாம்," என்பார். "பிளாஸ்டிக், மருந்து, பெயிண்ட். இதால செய்ய ஏலாத சாமான் எண்டு ஒண்டுமில்லை." சொல்லிவிட்டுப் பானையின் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டுவார். ஆட்களுக்கு அது பிடிக்காது. பானையைத் தட்டுவது அங்கே விளையாட்டு இல்லை.

வேக்காடு முடிந்து நாரைத் தள்ளிய பிறகு, சுவரில் ஒட்டியதைச் சுரண்ட ஓர் ஆள் உள்ளே இறங்குவான். அவன் ஏறி வந்துவிட்டாலும் உடனே மூட மாட்டார்கள். மண்டோர் பெரிய ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டி, "உள்ள ஆளா?" என்று கத்துவார். பதில் இல்லாவிட்டால் மூடலாம். பதில் தட்டு வந்தால், வெளியே எத்தனை தலை நின்றாலும் சரி, மூடக்கூடாது. ஒருவன் இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும். எங்கேயோ ஓர் ஆலையில் மயங்கிக் கிடந்தவனை உள்ளே வைத்து மூடிவிட்டார்களாம். யார், எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த வழக்கத்தை ஒருவரும் விட்டதில்லை. உயிரைக் காக்கிற வழக்கம் என்று புஷ்பவல்லியே வாய்விட்டு மெச்சியிருக்கிறாள்.

அந்த வருஷம், தொண்ணூற்றேழு செப்டம்பரில், சுமத்ராவில் காடு எரிந்த புகை கிள்ளான் மேல் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. நடுப்பகலில் லோரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. சூரியன் அழுகிய ஆரஞ்சுப் பழமாக ஒரு மூலையில் தொங்கியது. தடிகா பாலர் பள்ளியை மூடிவிட்டதால் நான்கு வயது ரூபிணியைப் பக்கத்துத் தெரு தங்கமணி ஆன்டி வீட்டில் விட்டுவிட்டுத்தான் இருவரும் வேலைக்கு வந்தார்கள். ஆலையில் பாதிப் பேர் லீவு. வந்தவர்கள் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இருமினார்கள். வாசு இருமத் தொடங்கினால் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வான். அவன் நிமிரும்வரை அவளுக்கும் மூச்சு வராது.

அந்தத் தட்டலுக்குப் பிறகு கணக்கு உதைக்க ஆரம்பித்தது. போட்ட குலையின் எடைக்கு ஏற்ற நார் வெளியே வரவில்லை. எண்ணெய் சரியாக இருந்தது, சர்க்கரைத் தண்ணீரும் சரியாக இருந்தது, நார் மட்டும் குறைந்தது. நாரை நிறுப்பது புஷ்பவல்லி என்பதால் திட்டு அவளுக்கு விழுந்தது.

"நார் எங்க போகும் பிள்ளை? ஆவியாப் போகுமோ?" என்று இஞ்சினியர் கத்தினார். "தராசைச் சரியாப் பாருங்கோ!"

தராசு சரியாகத்தான் இருந்தது. ஓர் ஆள் கனத்துக்கு நார் பானைக்குள்ளேயே நின்றுகொண்டது. சுரண்டப் போனவர்களுக்கோ உள்ளே ஒன்றும் தென்படவில்லை. சுவர் கழுவிவிட்டது மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு ஒரு நாள் முற்பகல், மூடுவதற்கு முன்னால் சபாபதி தட்டிக் கேட்டபோது, பதில் வந்தது.

மூன்று தட்டு. அதே நிதானம்.

ஆட்கள் ஒருவரை ஒருவர் எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். சபாபதி துண்டை அவிழ்த்து வாயைத் துடைத்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். வாய் ஓயாத ஆள். கிண்டலும் கேலியுமாகத் திரிகிறவர். "எவன்டா எனக்குத் தெரியாம உள்ள குடித்தனம் வச்சிருக்கான்?" என்று சொல்லிக்கொண்டே டார்ச்சை எடுத்து ஏணியில் இறங்கினார். சிரிப்புச் சத்தம் கீழே போய், உள்ளே நீராவி பாய்ச்சும் குழாய்க்கூட்டத்துக்குப் பின்னால் நின்றுபோனது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஈரத் துணியைப் பிழிவதுபோல் ஒரு சத்தம். நீளமாக. மறுபடியும் நீளமாக.

ஏறி வந்தவர் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல. மூடுங்க."

மூடினார்கள். அன்றைய வேக்காட்டில் நீராவி ஏறியதும் பானை அதிர்ந்தது. முழங்கையால் இடிப்பதுபோல் தாறுமாறாகச் சில இடிகள். பிறகு அடங்கிவிட்டது. குலை கட்டியாக விழுந்திருக்கும் என்று சபாபதியே சொன்னார். அன்று நார் எடைக்கு மேல் வந்தது. இஞ்சினியருக்கு முகம் மலர்ந்துபோனது. நாருக்கு நடுவே கொழுப்பு மிதந்ததைப் புஷ்பவல்லி அகப்பையால் ஒதுக்கினாள். ஏன் கொழுப்பு என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

அதன்பின் மண்டோர் கிண்டல் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆலையே இருமிக்கொண்டிருந்தது, அவர் ஒருவர் மட்டும் இருமவில்லை. துண்டு கட்டுவதையும் விட்டுவிட்டார். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, எதிரே உட்கார்ந்து, அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனார். அவர் நடந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் பழுப்பு ஈரம் படிந்தது. பாதாம் வாசனை அவரோடு கூடவே போய் வந்தது.

ஜாகாவின் நாய்க்கு அவரைக் கண்டால் ஆகவில்லை. ஒரு நாள் காலை அவர் காலைக் கவ்விப் பிடித்தது. அவர் உதறவில்லை, கத்தவில்லை. குனிந்து, கையிலிருந்த ஸ்பேனரை நிதானமாக உயர்த்தி இறக்கினார். நாயின் மண்டை பிளந்தது. அது துடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி இறக்கினார். துடிப்பு நின்ற பிறகும் இறக்கிக்கொண்டிருந்தார். ரத்தம் புஷ்பவல்லியின் சிலிப்பர்வரை ஓடிவந்தது. "ஐயோ, அண்ணே! போதும்ணே!" என்று அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் திரும்பி அவள் மணிக்கட்டைப் பற்றினார். அந்தப் பிடியில் எலும்பே இல்லை. நனைந்த கயிற்றுச் சுருள் ஒன்று இறுக்குவதுபோல் இறுகியது. அவள் கத்தியதும் விட்டார். பிறகு நாயை வாலைப் பிடித்துத் தூக்கிக் குலை ஏற்றும் பெல்ட்டில் போட்டார்.

"எதையும் வீணாக்கக் கூடாது புஷ்பா," என்றார்.

பெல்ட் நாயை மேலே கொண்டுபோனது. ஜாகா அன்றே வேலையை விட்டுப் போய்விட்டான், புத்திசாலி.

மறுநாள் சபாபதியின் மனைவி பவுனம்மாள் ஆலை வேலியோரம் வந்து நின்றாள். புகையில் முதலில் சேலை மட்டும்தான் தெரிந்தது. கிட்டே போனபோது கழுத்தைச் சுற்றி விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது.

"புஷ்பா, இவருக்கு ஆலையில என்ன செஞ்சீங்க?"

"என்னக்கா சொல்றீங்க?"

"குளிச்சா தண்ணி தேத்தண்ணி மாதிரி ஓடுதுடி. தூங்குறதில்ல. சுவத்தப் பாத்து நிக்கிறாரு. பயந்துபோய் நெஞ்சுல காது வச்சுப் பாத்தேன்." அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இதயம் அடிக்கல புஷ்பா. உள்ள என்னமோ ஊறுற சத்தம்தான் கேக்குது. கண்ண முழிச்சுப் பாத்துட்டு என் கழுத்தப் பிடிச்சிட்டாரு."

"போலீசுக்குப் போங்கக்கா."

"போய் என்னன்னு சொல்ல? எம்புருஷன் இது இல்லன்னா?"

அடுத்த நாள் பவுனம்மாள் வரவில்லை. செந்தூலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சபாபதி, யாரும் கேட்காமலே சொன்னார்.

அன்று மாலை வீட்டில், ரூபிணிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே புஷ்பவல்லி அழுதாள். வாசு அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். நம்பினானா என்று தெரியவில்லை. ஆனால் அவள் கன்றிய மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தபோது அவன் முகம் மாறியது.

"சாலாக் செலாத்தான்ல எங்கண்ணன் வொர்க்‌ஷாப்புக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காரு," என்றான். "நாளைக்கு ஒரு நாள். இஞ்சினியர்கிட்ட நேரா சொல்லிட்டு ரெண்டு பேரும் வந்திடலாம்."

"நாளைக்கும் வேணாங்க."

"சொல்லாமக் கொள்ளாம ஓடுனா நல்லாவா இருக்கு?"

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்ன ஆனாலும் பானைக்குள்ள இறங்க மாட்டேன்னு சொல்லுங்க."

"இறங்க மாட்டேன்."

"பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லுங்க."

அவன் ரூபிணியின் தலையில் கை வைத்தான். சோறு மென்றுகொண்டிருந்த பிள்ளை அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்துக் கடித்தது. மூவரும் சிரித்தார்கள். நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பிலேயே தூங்கினாள்.

மறுநாள் புகை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. இஞ்சினியர் வரவில்லை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கார் எடுக்க முடியவில்லை என்று போன் வந்ததாம். வந்திருந்த நான்கே பேர் காலை வேக்காட்டை முடித்து நாரைத் தள்ளினார்கள். நார் மறுபடியும் குறைந்தது. ஓர் ஆள் கனம்.

அவள் தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மேல்தளத்தில் ஸ்பேனர் ஒலித்தது. மூன்று தட்டு. "உள்ள ஆளா?" என்றது சபாபதியின் குரல்.

பதில் வந்தது.

புஷ்பவல்லி படிகளில் ஓடினாள். மேலே மூடி திறந்திருந்தது. வாசு மஞ்சள் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது? சத்தியம் பண்ணீங்களே!"

"கொதிகலன்காரனக் காணோம் புஷ்பா." அவன் மழைச்சட்டைப் பட்டன்களைப் போட்டான். "கூப்பிட்டுப் பாத்துட்டேன். பின்கட்டுல ஆளே இல்ல."

"புகையில எங்கயாச்சும் நிப்பான். அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே!"

சபாபதி ஸ்பேனரைத் தரையில் வைத்தார். அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் இமைக்கவில்லை.

உள்ளே மறுபடி தட்டியது.

வாசு அவள் தோளைப் பிடித்தான். "உள்ள நான் கிடந்து தட்டுனா, நீ போகாம இருப்பியா?"

அவன் நல்லவன். அவனைக் கட்டிக்கொண்டதற்கு அவள் சொல்லும் காரணமே அதுதான். அந்த நல்ல குணத்தை அந்த நொடியில் அவள் வெறுத்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். மழைச்சட்டை வழுக்கியது. அவன் டார்ச்சோடு இறங்கினான். இருமல் கீழே, இன்னும் கீழே போனது.

"யாருப்பா? எங்க இருக்கே?" என்று அவன் குரல் சுவர்களில் மோதித் திரும்பியது.

வெளிச்சம் குழாய்க்கூட்டத்தின் பின்னால் திரும்பியது. இருமல் நின்றது.

வெளிச்சம் அணைந்தது.

"என்னங்க?"

பதில் இல்லை. ஈரம் பிழியும் சத்தம். நீளமாக. பாதாம் வாசனை மூடியின் வாய் வழியாகக் குப்பென்று அடித்தது. அவள் ஏணியில் காலை வைத்தாள். சபாபதியின் கை பின்னாலிருந்து வந்து இடுப்பைச் சுற்றிக்கொண்டது. உதைத்தாள், கடித்தாள். வாயில் ரத்தம் வரவில்லை. பல்லிடுக்கில் நார் சிக்கியது.

ஏணி ஆடியது. மஞ்சள் மழைச்சட்டை ஏறி வந்தது. முகத்தில் துண்டு. நனைந்த தலை. வாசுவின் கண்கள்.

"ஒண்ணுமில்ல. மூடுங்க."

அவள் அவன் இருமுவதற்காகக் காத்திருந்தாள். ஒரு முறை. ஒரே ஒரு முறை இருமினால் போதும். அவன் மூடியின் ஆணிகளை முறுக்கினான். ஒவ்வொன்றாக. சபாபதி அவளை விட்டுவிட்டு நீராவிச் சக்கரத்தைத் திருப்பினார். அவன் போய்ச் சக்கரத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டான். நீராவி சீறியது.

அவன் இருமவே இல்லை.

அப்போது பானை அலறியது.

மூன்று தட்டு இல்லை. எண்ணிக்கையே இல்லை. இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து இரும்பை அடித்தன. மேலே, கீழே, மறுபடி மேலே, மூடிக்கு நேர் கீழே. நகம் பிறாண்டியது. பயந்த மனுஷன் அடிக்கிற அடி. அவள் காலுக்குக் கீழே தளம் அதிர்ந்தது.

"நிறுத்து! உள்ள அவரு இருக்காரு! நிறுத்துடா!"

"குழாய் விரியுது புஷ்பா," என்றான் மஞ்சள் சட்டைக்காரன். வாசுவின் குரல். வாசுவின் பொறுமை.

அவள் தரையில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்தாள். இரண்டு கையாலும் ஓங்கி அவன் தலையில் அடித்தாள். எலும்பு உடையும் சத்தம் வரவில்லை. பொதக்கென்று உள்ளே போனது. பக்கவாட்டில் மண்டை பிளந்து, ஆவி பறக்கும் பழுப்பு நார் பிதுங்கியது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ஒரு கண் இடம் மாறியிருந்தது.

"வலிக்கல," என்றான்.

மறுபடி அடித்தாள். தோளில். கழுத்தில். சக்கரத்தைப் பிடித்த கையில். அடித்தாள், அடித்தாள். மணிக்கட்டு பிய்ந்து நார் நாராகத் தொங்கியது. பிறகு அறுந்தது. அவன் பின்னால் சாய்ந்தான். கை மட்டும் சக்கரத்தை விடவில்லை. விரல்கள் இன்னும் இறுகின. அந்தக் கையோடு சேர்த்தே சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள். இரும்பு சுட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்து ஒட்டிக்கொண்டது. விடவில்லை. திருப்பினாள்.

நீராவி நின்றது.

உள்ளே அடியும் நின்றிருந்தது.

"வந்திடறேங்க... வந்திடறேன்..." ஸ்பேனரால் மூடி ஆணியைக் கழற்றப் பார்த்தாள். உரிந்த கை வழுக்கியது. கீழே ஏதோ கதவு திறக்கும் சத்தம். சபாபதி அடிக்கதவைத் திறந்துவிட்டார். பானை கொதிக்கக் கொதிக்க எல்லாவற்றையும் கீழே நார் விழும் தொட்டியில் கக்கியது. அவள் படியில் உருண்டு விழுந்து, எழுந்து, முழங்கால்வரை வெந்நீரில் இறங்கினாள். கத்தியது தான்தான் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

வாசு தொட்டியில் கிடந்தான். வெந்திருந்தான். தூக்கிய கைகள் தூக்கியபடியே இருந்தன. அடித்து அடித்து விரல்கள் எல்லாம் உடைந்திருந்தன. அவள் தோளைத் தொட்டுத் தூக்கப் பார்த்தாள். தோள் அவள் கையோடு வந்துவிட்டது.

சபாபதி அவள் கூந்தலைப் பற்றினார். தரையில் இழுத்தார். படிப்பக்கம். மேலே, மூடிப்பக்கம். எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. அவளோடு படியில் உருண்டு விழுந்த ஸ்பேனர் கையில் தட்டுப்பட்டது. படுத்தபடியே அவர் முழங்காலில் வீசினாள். கால் பின்பக்கமாக மடிந்தது. தொட்டிக்குள் தள்ளினாள். கொதிநீரில் விழுந்ததும் அவர் ஊறி, உப்பி, உருவம் கலைந்தார். வாய் மட்டும் கடைசிவரை அசைந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

மற்றவன்? மஞ்சள் சட்டைக்காரன்?

தலையை நிமிர்த்தினாள். அவன் மேல்தளத்து ஓரத்தில் நின்று, வெளியே வந்த நாரை ஒற்றைக் கையால் மண்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். பதறாமல், வெளியே கிளம்பும் முன் தலை சீவுகிறவன் மாதிரி. பிறகு துண்டை மேலே சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான்.

"நேரமாச்சு புஷ்பா," என்றான். "பிள்ளையக் கூட்டிட்டு வந்திடறேன்."

பின்பக்கத்துப் படியில் இறங்கிப் புகைக்குள் போனான். வாசுவின் மோட்டார் சைக்கிள் உதைபடும் சத்தம். ஒரு முறை. இரண்டு முறை. பிடித்துக்கொண்டது.

அவள் ஓடினாள். பாதத்தில் தோல் இல்லை. சாலையில் புகைக்கு நடுவே நின்று கையை விரித்தாள். ஒரு குலை லோரி கிறீச்சிட்டு நின்றது. "ஏறு, ஏறு! ஆஸ்பத்திரிக்குப் போகலாம்!" என்று சீன டிரைவர் மலாயில் கத்தினான். அவள் பண்டமாரான், பண்டமாரான் என்று மட்டும் சொன்னாள். பிள்ளை, பிள்ளை என்று சொன்னாள். லோரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. அவளுக்குக் கால் எரிவு தெரியவில்லை, கை எரிவு தெரியவில்லை. கடவுளே, ஆன்டி கதவைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த ஒன்று மட்டும் போதும்.

தங்கமணி ஆன்டி வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. இரும்புக் கதவு திறந்திருந்தது. வாசல் விளக்கு அந்தப் பகலிலும் மஞ்சளாக எரிந்தது.

"வா புஷ்பா, வாசுவுக்கு மண்டையில அடிபட்டிருக்கே, என்னாச்சு? கிளினிக் போகச் சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்லா," என்று சொல்லிக்கொண்டே உள்ளேயிருந்து வந்த ஆன்டி, அவள் கால்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வராந்தா நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். கையில்லாத பக்கத்தை மழைச்சட்டைக்குள் மடக்கி வைத்திருந்தான். மடியில் ரூபிணி. அப்பாவின் துண்டுக்கு அடியில், காதோரத்தில், ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. அதைப் பிடித்து இழுத்துத் தன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. விரல் நிறைந்ததும் கையில் சுற்றியது. கை நிறைந்ததும் முழங்கைவரை சுற்றியது.

"அம்மா, இங்க பாரு! வந்துக்கிட்டே இருக்கு!" என்று சிரித்தது.

புஷ்பவல்லி பிள்ளையைத் தூக்கக் கைகளை நீட்டினாள். ரூபிணி இழுத்தாள். அப்பாவின் கன்னம் உள்ளே போனது. இன்னும் இழுத்தாள். கழுத்து சுருங்கியது. அவன் பிள்ளையை ஒற்றைக் கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தில் பாதி இல்லாமல், புஷ்பவல்லியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.